சாவித் துளையை அடைக்கும் மாத்திரை

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பூட்டுக்கு அதற்கு உரிய சாவிதான் சேரும். சாவித் துளையில் ஒரு குச்சி ஒடிந்து சிக்கிக்கொண்டால்? சரியான சாவி இருந்தும் பயன் இல்லை!

உடலிலும் இப்படிப் பூட்டுகள் உண்டு. அவற்றுக்கு நொதிகள் என்று பெயர். பல வேதியியல் மாற்றங்களைச் செய்பவை அவையே. பூட்டு, சாவி என்ற இந்த உவமையை 1894-ல் சொன்னவர் ஜெர்மன் அறிஞர் எமில் பிஷர்.

நொதியில் சிக்கி, அதன் வேலையை நிறுத்தும் பொருள் "தடுப்பான்" எனப்படும். ஆஸ்பிரின் மாத்திரை அப்படிப்பட்ட ஒரு தடுப்பான்தான்.

அடிபட்டால் என்ன நடக்கிறது? உடலில் உள்ள செல்களின் மேலுறை கொழுப்பால் ஆனது. அதிலிருந்து ஒரு துண்டு பிரிகிறது. ஒரு நொதி அந்தத் துண்டைப் பிடித்து மாற்றுகிறது. அதிலிருந்து பிராஸ்டகிளாண்டின் என்ற தூதன் பிறக்கிறான். வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாம் அவன் கொண்டுவரும் சேதி!

ஆஸ்பிரின் 1899-ல் விற்பனைக்கு வந்தது. அது வலியைப் போக்கும் விதம் 1971-ல்தான் தெரிந்தது. அந்த நொதியை ஆஸ்பிரின் அடைத்துவிடுகிறது என்று இங்கிலாந்து அறிஞர் ஜான் வேன் காட்டினார். 1982-ல் சுவீடன் அறிஞர்கள் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதனால் தடுப்பான் ஓர் ஆராய்ச்சிக் கருவியும் ஆயிற்று. நொதியை அடைத்து, எந்த வேலை நிற்கிறது என்று பார்த்தால் போதும். கொழுப்புத் தூதனின் தொழில் தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தபோது வேறு உண்மைகளும் வெளிவந்தன. இந்தத் தூதர்கள் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறார்கள். இரத்தம் உறையவும் உதவுகிறார்கள். ஆஸ்பிரின் அந்த வேலைகளையும் நிறுத்துகிறது. ஆகவேதான் அது வயிற்றில் புண் உண்டாக்கக் கூடும். ஆகவேதான் இருதய நோயாளிக்கு மருத்துவர் அதையே சிறு அளவில் கொடுக்கிறார்!

டெங்குக் காய்ச்சலிலோ இரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைகின்றன. அப்போது ஆஸ்பிரினை விழுங்கினால் இரத்தக்கசிவு ஏற்படலாம், உயிருக்கே ஆபத்து. ஐபுபுரோபன், டைக்ளோபினாக் மாத்திரைகளும் அப்போது கூடாது.

காய்ச்சல் என்றதும் கடையில் கிடைத்த மாத்திரையை வாங்கி விழுங்கும் பழக்கம் ஒழிய வேண்டும். மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் தவறு. மாத்திரையின் பெயரைப் படியுங்கள். மருத்துவரைக் கேளுங்கள். எந்தப் பூட்டை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.