குதிரையின் தீனி வேளையைத் தீர்மானிப்பது யார்?

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு செங்கல் சூளை. களப்பணியின் முதல் மாதம். என் கையில் அச்சிட்ட வினாநிரல் இருந்தது. "விலங்குக்கு நாளொன்றுக்கு எத்தனை முறை தீனி வைக்கிறீர்கள்?" என்பது அதில் ஒரு கேள்வி. ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் என நான்கு கட்டங்கள். பச்சைக் கல் ஏற்றிய வண்டியின் அருகே நின்றிருந்த கோவேறு கழுதையின் உரிமையாளர் சற்று யோசித்து, "வண்டி நிற்கும்போது" என்றார். அந்த விடைக்கு என் தாளில் கட்டம் இல்லை. "இரண்டு" என்பதில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அந்தக் குறி இன்றும் என் தரவுத் தொகுப்பில் இருக்கிறது. அண்மையில் ஒரு கருத்தரங்கில், உழைக்கும் குதிரையினங்களின் உடல்நலக் குறைவுக்கு "உரிமையாளர்களின் அறியாமையே முதன்மைக் காரணம்" என்று ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. அவையில் எவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அங்கே சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன். குதிரைக்கு என்ன தீனி, எப்போது, எவ்வளவு என்பது பெரும்பாலும் அறிவைச் சார்ந்த சிக்கல் அன்று. அது வேலை நேரத்தைச் சார்ந்தது. அந்த நேரம் விலங்கின் கையிலும் இல்லை, அதன் உரிமையாளரின் கையிலும் இல்லை.

குதிரையின் வயிற்றிலிருந்து தொடங்குவோம். மாடு அவசரமாகத் தின்று, பின்னர் படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. வளர்ந்த குதிரையின் இரைப்பை ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவே உடையது. மொத்தச் செரிமானப் பாதையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பித்தப்பை கிடையாது; வாந்தியெடுக்கவும் இயலாது. தின்றாலும் தின்னாவிட்டாலும் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். நார்த்தீவனம் இன்றி நான்கு முதல் ஆறு மணி நேரம் கடந்தால் இரைப்பைப் புண்ணுக்கான வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. புல்வெளியில் தன்போக்கில் வாழும் குதிரை நாளின் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை மேய்ச்சலில் கழிப்பதன் பொருள் இதுதான். சிறுகச் சிறுக, நீண்ட நேரம் தின்பதற்கென்றே அமைந்த உடல் அது.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். உடல் எடையில் குறைந்தது 1.5 விழுக்காடு அளவுக்கு உலர்பொருளாக நார்த்தீவனம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது நாளொன்றுக்கு 3.75 கிலோ. ஒரு கிலோ உலர்புல்லை மெல்ல ஏறத்தாழ 40 நிமிடமாகும். ஒரு கிலோ தானியத்துக்குப் பத்து நிமிடம் போதும். அப்படியெனில், குறைந்தபட்ச நார்த்தீவனத்தை மெல்லுவதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம் வேண்டும். இரண்டு விழுக்காடு கொடுப்பதானால் மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். அதையும் ஒரே வேளையில் முடிக்க முடியாது. நாள் முழுதும் பரவலாக அமைய வேண்டும்.

சூளையில் இந்த நேரம் எங்கிருந்து கிடைக்கும்? வார்ப்புக் களத்திலிருந்து சூளைக்குப் பச்சைக் கல்லை இழுக்கும் வேலைக்குத் துண்டுக் கூலி. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. பருவத் தொடக்கத்தில் வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு மணியும் கூலியில் கழியும். எனவே நாற்பது நிமிடப் புல்லின் இடத்தில் பத்து நிமிடத் தானியமும் தவிடும் வந்து அமர்கின்றன. நறுக்கிய கோதுமை வைக்கோலை அங்கே பூசா என்பார்கள். அதனோடு கோதுமைத் தவிடும் கொஞ்சம் கொண்டைக்கடலையும் கலந்து, தோப்ரா எனும் பையில் இட்டு விலங்கின் முகத்தில் மாட்டிவிடுவார்கள். கல் இறக்கும் இடைவெளியில் அது தின்று முடித்தாக வேண்டும்.

இதன் விளைவுகள் பாடநூல்களில் உள்ளவைதாம். ஒரே வேளையில் மிகுதியாகச் சென்ற மாவுச்சத்து சிறுகுடலில் முழுமையாகச் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. நாரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் இடம் அது. அங்கே மாவுச்சத்து சேர்ந்தால் லாக்டிக் அமிலம் பெருகும். சூலை என்னும் கடும் வயிற்றுவலி வரும். குளம்பு அழற்சி வரும். உலர்ந்த பூசாவைத் தின்றுவிட்டுப் போதிய நீர் அருந்தாவிடில் குடலில் அடைப்பு நேரும். கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல் பன்மடங்கு. நெடுநாள் தவிட்டையே நம்பும் விலங்கு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ள, முக எலும்புகள் பருத்துத் தலை வீங்குகிறது. ஐரோப்பாவில் இதற்கு "மாவு ஆலைக்காரர் நோய்" என்று ஒரு பெயர் உண்டு. தவிடு மலிவாகக் கிடைத்த ஆலைகளின் குதிரைகளுக்கே அது மிகுதியாக வந்தது.

இன்னொரு நோயின் பெயரும் கவனிக்கத்தக்கது. வாரம் முழுதும் வண்டி இழுத்த குதிரைகள் ஞாயிறன்று ஓய்வில் நிற்கும். தானியம் மட்டும் வழக்கம்போல் முழு அளவில் கிடைக்கும். திங்கள் காலை வேலைக்குப் பூட்டியதும் தசைகள் இறுகி நடக்க இயலாமல் நின்றுவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் பிரியும். மருத்துவர்கள் அதைத் "திங்கட்கிழமை நோய்" என்றே அழைத்தனர். வேலை நாள்காட்டியைப் பார்க்காமல் தீனியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை அன்றைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். நம் வினாநிரல்களில் அந்த நாள்காட்டிக்கு இடம் இல்லை.

சூளையின் நாள்காட்டியோ இன்னும் விந்தையானது. மழைக்காலத்தில் சூளை மூடிக்கிடக்கும்; கூலி இல்லை, ஆனால் எங்கும் பசும்புல். மழை ஓய்ந்து வேலை தொடங்கும்போது புல் மறைந்து, பூசாவும் தவிடும் வரும். தீனியை மாற்றுவதானால் ஒன்று இரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்ற வேண்டும் என்று நாம் எழுதுகிறோம். குடலின் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக அந்த அவகாசம் தேவை. ஆனால் வேலை தொடங்கும் தேதியைச் சூளை முதலாளி அறிவிப்பார்; அதற்குப் படிகள் கிடையாது.

இனி அறியாமை என்ற குற்றச்சாட்டின் வயதைப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி வந்திறங்கும் குதிரைகள் இங்கே விரைவில் மடிவதாகவும், இங்குள்ளோருக்குக் குதிரை பேணத் தெரியவில்லை என்றும், சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் வறுத்த தானியத்தை வெண்ணெயோடு கொடுப்பதையும், காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைப்பதையும் வியப்போடு குறித்தார். புல்லுக்குப் பதிலாகச் சோறும் பாலும் ஏன் வந்தன என்ற கேள்வியை இருவரும் எழுப்பவில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த, நெல் விளையும் கடற்கரையில் குதிரைக்கு ஏற்ற மேய்ச்சல் நிலம் அரிது என்பதே என் ஊகம். இருந்ததைக் கொண்டு அவர்கள் ஈடுசெய்தார்கள்.

குதிரைத் தீனியைப் பற்றிய சிந்தனை இந்நாட்டில் இல்லாமலும் இல்லை. அர்த்தசாஸ்திரம் குதிரைக் கண்காணிப்பாளருக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, தானியம், எண்ணெய், உப்பு முதலியவற்றைக் குதிரையின் தரத்துக்கேற்ப அளந்து வகுக்கிறது. அபுல் ஃபசலின் ஆயினி அக்பரியும் அரண்மனை லாயங்களின் தீனிப் படியைப் பட்டியலிடுகிறது. ஆங்கிலேயர் காலச் சிலேதார் குதிரைப்படையில், வீரர் இருவருக்கு ஒரு புல்வெட்டியும் அவருக்கென ஒரு மட்டக்குதிரையும் இருப்பது வழக்கம். புல் கொண்டுவருவதே அந்த மனிதரின் முழுநாள் வேலை. இன்று சூளையில் நிற்பவர் குதிரைக்காரர், புல்வெட்டி, வண்டியோட்டி, சுமையாள் ஆகிய நால்வரின் வேலையையும் ஒருவராகச் செய்கிறார். பழைய லாயங்களின் அறிவு நமக்கு நூல்களில் கிடைக்கிறது. அதைச் செயலாக்கிய ஆள்பலம் கிடைக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், "போதுமான" உணவும் நீரும் உறைவிடமும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1965ஆம் ஆண்டின் விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ எனச் சுமையை வரையறுக்கின்றன. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ச்சியாக 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நல்ல விதிகள். ஆனால் அந்த ஓய்வில் தீனியும் நீரும் உண்டா என்பதை விதி கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்குக் கால் ஓய்கிறது. அமிலச் சுரப்பு ஓய்வதில்லை. அதைவிட முக்கியமாக, தண்டனை உரிமையாளர் ஒருவரையே நோக்குகிறது. துண்டுக் கூலியை நிர்ணயித்தவரும், வேலை நேரத்தை வகுத்தவரும் அந்தப் பிரிவின் பார்வைக்கு வெளியே நிற்கிறார்கள்.

சூளைக்கு வெளியேயும் இதே நிலைதான். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3,580 மீட்டருக்கு மேல் ஏறும் பாதை. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதமே கோயில் திறந்திருக்கும். ஆண்டு முழுமைக்குமான வருவாயை அதற்குள் ஈட்டியாக வேண்டும். 2022ஆம் ஆண்டு யாத்திரை தொடங்கிய முதல் வாரங்களிலேயே ஏராளமான குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்து, விவகாரம் உத்தராகண்ட உயர் நீதிமன்றம் வரை சென்றது. உலர்தீவனம், கடும் ஏற்றம், உறையும் குளிரில் குறைவாகவே அருந்தப்படும் நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் குடல் அடைப்பை எதிர்பார்க்கலாம். நீரை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் விலங்கு கூடுதலாக அருந்தும் என்பதை நாம் அறிவோம். அந்த மலைவழியில் விறகும் தொட்டியும் நேரமும் தனியொரு குதிரைக்காரரால் ஆகக்கூடியவை அல்ல.

என் வாதத்துக்கு எதிரான இரண்டு கருத்துகளை நேர்மையோடு ஏற்க வேண்டும். முதலாவது, அறியாமையும் உண்டு. தவிடே வலுவூட்டும் என்ற நம்பிக்கை, உப்பைப் பொருட்படுத்தாமை, ஓய்வு நாளிலும் முழுத் தானியம் ஆகியவற்றை நானே கண்டிருக்கிறேன். எடுத்துச் சொன்னால் மாறக்கூடியவை இவை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் "புல் நல்லது" என்பதை அறியாத ஒரு குதிரைக்காரரையும் நான் சந்தித்ததில்லை. இரண்டாவது, இந்த வேலைகளையே தடைசெய்துவிடலாம் என்ற வாதம். பொதுமுடக்கக் காலத்தில் சுற்றுலாத் தலங்களிலும் திருமண ஊர்வலங்களிலும் பிழைத்த குதிரைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். உரிமையாளரின் வருவாய் நின்றதும் விலங்கின் தீனியும் நின்றது. தன்னார்வலர்கள் தீவனம் வழங்க வேண்டியதாயிற்று. மாற்று ஏற்பாடு இல்லாத தடை முதலில் விலங்கையே பட்டினி போடும்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எஞ்சியுள்ள குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 3.4 லட்சம், 2012ஐவிட 45 விழுக்காடு குறைவு. எண்ணிக்கை குறையக் குறையத் தீவனத் திட்டங்களில் இவற்றின் இடமும் சுருங்குகிறது. 2024 பிப்ரவரியில் தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவை சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் 50 லட்சம் ரூபாய் வரையிலான மூலதன மானியம் தொழில்முனைவோருக்கானது. இரண்டு கோவேறு கழுதைகளோடு முன்பணம் வாங்கிச் சூளைக்கு வந்தவருக்கு அது எட்டாது.

நான் முன்வைப்பவை எளிய வேண்டுகோள்கள். 1965ஆம் ஆண்டு விதிகளில் ஓய்வு என்ற சொல்லோடு நார்த்தீவனமும் நீரும் சேர்க்கப்பட வேண்டும். விலங்கின் உழைப்பால் ஆதாயம் பெறும் சூளை முதலாளியும், யாத்திரையை நடத்தும் நிருவாகமும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சூளைகளிலும் யாத்திரைப் பாதைகளிலும் நீர்த்தொட்டியும் உலர்புல் கிடங்கும் கட்டாயமாக வேண்டும். தீனிக்காக வண்டி நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஆகாதவரை, எந்தத் தீனி அட்டவணையும் சுவரில் தொங்கும் தாளாகவே இருக்கும்.

நம் துறைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. "உரிமையாளரின் விழிப்புணர்வு" என்ற மாறியை ஆம், இல்லை எனப் பதிவதை நிறுத்துவோம். ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் விலங்கோடும் அதன் உரிமையாளரோடும் இருந்து, வண்டி எப்போது நின்றது, ஏன் நின்றது, யார் சொல்லி மீண்டும் ஓடியது என்று குறிப்போம். தீனியின் எடையோடு அதைத் தின்னக் கிடைத்த நிமிடங்களையும் அட்டவணையில் சேர்ப்போம். என் புதிய வினாநிரலில் அந்தக் கேள்வியின் கீழிருந்த நான்கு கட்டங்களையும் நீக்கிவிட்டு, வெற்றுக் கோடுகள் இட்டிருக்கிறேன். பழைய தரவில் "இரண்டு" என்று நான் குறியிட்ட விடைகளில் எத்தனை உண்மையில் இரண்டு என்பது எனக்கே தெரியாது. ஆய்வேட்டில் அதையும் எழுதப்போகிறேன்.

சூளைகளிலோ மலைப்பாதைகளிலோ களப்பணி செய்யும் நண்பர்கள் தங்கள் வினாநிரல்களில் இதை எவ்வாறு கையாள்கிறார்கள் என்று பகிர்ந்தால் மகிழ்வேன். மாற்றுக் கருத்துகளையும் வரவேற்கிறேன்.