கடை மூடினா சம்பளமும் மூடுமா?

2022 மார்ச் கடைசி. ஏ.எல். எழுதிவிட்டு கண்டி டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்றேன். அப்போதுதான் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. மெஷின் ஓடாது. முதலாளி சொன்னது ஒரே வரி: "கரண்ட் வந்தா வாங்க தம்பி." போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

இதை 'எதிர்பாராத தடங்கல்' என்கிறோம். ஆனா கண்டிக்கு இது உண்மையிலேயே எதிர்பாராததா? 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்முறை, ஊரடங்கு, வாட்ஸ்அப்பும் முடக்கம். 2020இல் கொரோனா. 2022இல் மின்சாரமும் எரிபொருளும் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல், மண்சரிவு, மூடிய பாதைகள். எட்டு வருசத்துக்குள்ள நாலு தரம்!

பெரிய கம்பனிகளிடம் 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்று ஒரு ஃபைல் இருக்கும். சின்னக் கடைக்கு ஒரு தாள் போதும். கடன் கொப்பியின் இன்னொரு பிரதி யார் வீட்டில்? பாதை மூடினால் சாமான் எங்கே எடுக்கலாம்? போன் வேலை செய்யாவிட்டால் யார் யாருக்குத் தகவல் சொல்வது?

நாலாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: கடை மூடின நாளில் வேலையாளுக்கு என்ன கிடைக்கும்? அரைச் சம்பளமா, முன்பணமா?

"கடையே ஓடல, நான் எங்க போறது?" என்று முதலாளி கேட்பார். நியாயம்தான். அதனால்தான் கடை ஓடுகிற மாதத்திலேயே கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேணும். இல்லாட்டி கரண்ட் திரும்பி வரும், ஆள் திரும்பி வராது.

நான் திரும்பிப் போகவில்லை.