ஈரத்துணி சுற்றிய பாட்டில்

பக்கத்து வீட்டு மதினி பட்டாசு ஆபீஸுக்குக் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலில் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டுவார். "இத விட்டா பத்து மணிக்கு வெந்நியத்தான் குடிக்கணும் தம்பி" என்பார். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்கு நான்கு பாட்டில்களோடு சைக்கிள் மிதித்தேன். அக்னி நட்சத்திர வெயில்.

மூன்று பாட்டில்களில் ஃபிரிட்ஜ் தண்ணீர். சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஆமத்தூர் தாண்டுவதற்குள் சூடாகிவிட்டது. சைக்கிள்காரர்களுக்கென்று விற்கும் இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் பாட்டில் திருத்தங்கல் வரை தாக்குப்பிடித்தது. ஸ்டீல் பிளாஸ்க்கில் இருந்த தண்ணீர் மாலையில் வீடு திரும்பிய பிறகும் பல்லைக் கூசவைத்தது. நான்காவது, குழாய்த் தண்ணீர் பிடித்து, நனைத்த பருத்தித் துணி சுற்றி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்ட மெல்லிய பாட்டில். வழியில் இரண்டு முறை துணியை நனைத்தேன். கிளம்பும்போது வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர், சிவகாசியில் பானைத் தண்ணீர் போல இறங்கியது.

இரட்டைச் சுவர் பாட்டிலும் பிளாஸ்க்கும் குளிர்ச்சியைக் காப்பவை. இரட்டைச் சுவருக்கு நடுவில் இருக்கும் காற்றோ ஃபோமோ வெப்பம் நுழைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பிளாஸ்க்கில் சுவர்களுக்கு இடையே காற்றே இல்லை. வெப்பம் கடந்துவர வழி குறைவு. ஜேம்ஸ் டூவர் 1892-இல் ஆய்வகத்துக்காகச் செய்த குடுவையின் வாரிசு அது. ஆனால் கனம் அதிகம். மிதித்துக்கொண்டே பிழிந்து குடிக்கவும் முடியாது.

ஈரத்துணி குளிர்ச்சியை உண்டாக்குகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பாட்டிலிலிருந்து எடுத்தால், 600 மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். வெளிச்சூடும் உள்ளே வந்துகொண்டிருப்பதால் கணக்கில் வருவது முழுதும் கைக்கு வராது. ஐஸ் போலவும் ஆகாது. ஆனால் தாகத்துக்கு அது போதும். மண்பானை குளிர்வதும் இப்படித்தான். துணியை பிளாஸ்க் மேல் சுற்றினால் பலன் இல்லை. வெப்பத்தை உள்ளே விடாத சுவர் வெளியேயும் விடாது.

தூத்துக்குடிக் கடற்கரையில் இதே துணி இவ்வளவு வேலை செய்யாது. அங்கே காற்றிலேயே ஈரம் இருக்கிறது. நம்முடையது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கரிசல் பூமி. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். இங்கே அது வேரூன்றக் காரணங்களில் ஒன்று, குச்சியும் மருந்தும் சீக்கிரம் உலரும் இந்த வறண்ட காற்று.

மதினி போன்றவர்கள் வேலை செய்யும் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் இடத்துக்குத் தண்ணீர் ஆகாது. அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதனால் பாட்டிலும் ஈரத்துணியும் வெளியேதான் இருக்க வேண்டும். அந்த வெளியில் நிழல் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கோடையில் குடிதண்ணீரைக் குளிர்வித்துத் தரும் கடமையை 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே விதித்தது. நாற்பது பேர் வேலை செய்யும் ஆலையில் தாகம் குறைவா?

சிறிய ஆலை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவல்ல. மருந்து அறைகளிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் ஒரு கீற்றுப் பந்தல். அதன் கீழே மணல் பரப்பி நாலைந்து மண்பானைகள். தினமும் கழுவி நிரப்ப ஓர் ஆள். நம் தீப்பெட்டியையும் பட்டாசையும் இத்தனை வருஷமாக உலர்த்தித் தரும் காற்று, அந்தப் பானைகளையும் குளிர்வித்துத் தரும். மதினி வீட்டிலிருந்து பாட்டிலைச் சுமந்து போக வேண்டியிருக்காது.