நூறு வீட்டுக் கணக்கு

வீடு வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் ஒரு கூரை, ஒரு கதவு, ஒரு தென்னை மரம் போடுகிறார்கள். பக்கத்து வீடு கிடையாது. பாடமும் அப்படித்தான்.

1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தார்கள். 100 வீடு: பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு.

இதை வகுப்பில் நடத்தலாமே என்றால், “பிஞ்சு மனசு சார், சாதிப் பேச்சு எதுக்கு?” என்கிறார்கள். எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று அந்தப் பிஞ்சுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று! திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையையும் சேர்த்தே நடத்துங்கள். ஏன் 40, ஏன் 10, சுடுகாடு மட்டும் ஏன் ஒன்று என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்து கேட்கட்டும். வாத்தியார் பதில் சொல்லட்டும்.