ஃப்ரோடோ ஃபெயிலா?

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படமா பார்த்திருப்பீங்க. 1955-இல் வந்த மூன்றாம் பாகத்தைப் படிச்சுப் பாருங்க. எரிமலை விளிம்பு வரை வந்த ஃப்ரோடோ, மோதிரத்தை நெருப்பில் போட மறுத்து விரலில் மாட்டிக்கொள்கிறான். கோல்லம் அந்த விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறான். சந்தோஷக் கூத்தில் கால் தவறி, மோதிரத்தோடு தானே விழுகிறான். படத்தில் மோதிரத்தைப் பறித்த பிறகும் இருவரும் சண்டை போடுவாங்க. புத்தகத்தில் அது கிடையாது.

அப்போ ஹீரோ ஃபெயிலா? அந்த நிமிஷத்தில் ஃபெயில்தான். ஆனா கோல்லம் அங்கே உயிரோடு இருந்ததே, முன்னாடி பில்போ, பிறகு ஃப்ரோடோ, கடைசியில் அவனைச் சந்தேகப்பட்டுட்டே வந்த சாம்கூட, கொல்லாமல் விட்டதால்தான்.

பிளேஸ்மென்ட்ல கடைசி ரவுண்டில் வெளியே வந்த ராத்திரி இதைப் படிச்சேன். ஃப்ரோடோ மேல கோபமே வரல. தோற்காத ஃப்ரோடோவை எனக்கு இவ்வளவு பிடிச்சிருக்காது. உங்களுக்கு?