நான் ஏன் அனிதாவின் ரசிகன்?

உங்கள் நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் யாருடைய படம் ஒட்டியிருக்கிறது? சினிமா நட்சத்திரமா, கிரிக்கெட் வீரரா? யாராயிருந்தாலும் சரி, நான் குறை சொல்லப் போவதில்லை. நானும் ஒருவருடைய ரசிகன்தான். அவர் பெயர் அனிதா பால்துரை. சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை. 1985-இல் பிறந்தவர். 2000-ஆம் ஆண்டு முதல் 2017 வரை இந்தியப் பெண்கள் அணிக்காக ஆடியவர். பத்தொன்பது வயதிலேயே அணித்தலைவி ஆனவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இந்திய அணியில் அவர் ஆடத் தொடங்கிய வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய உங்கள் வயதுதான் வரும்.

நான் இருப்பது மூலனூரில். எங்கள் ஊரைப் பருத்தி ஏலத்துக்காக அறிந்தவர்கள் உண்டு. முருங்கைக்காய்க்காக அறிந்தவர்கள் அதைவிட அதிகம். கூடைப்பந்துக்காக அறிந்தவர் ஒருவரும் இரார். அதனால் என்ன? ரசிப்பதற்கு ஊர் ஒரு தடையா?

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அனிதாவைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் உசரமா இருக்கறவங்களுக்குத்தானுங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும்; பயப்பட வேண்டாம்.

கூடைப்பந்தின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் உள்விட்டம் 45 செ.மீ. பெண்கள் ஆடும் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. அதாவது வளையத்தின் அகலம் பந்தின் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இவ்வளவு பெரிய வாய்க்குள் பந்தைப் போட முடியாதா என்று தோன்றும். ஒரு வளையலை எடுத்து நேர் மேலிருந்து பாருங்கள்: முழு வட்டம். இப்போது அதைச் சாய்த்துப் பாருங்கள். வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகிறது அல்லவா? பந்தின் 'கண்ணுக்கு' வளையம் தெரிவதும் இப்படித்தான்.

பந்து செங்குத்தாக இறங்கினால் முழு 45 செ.மீ. வாய் திறந்திருக்கும். கிடைமட்டத்துக்கு 45 பாகை சாய்வில் இறங்கினால் வாயின் அகலம் சுமார் 32 செ.மீ. தான். பந்து போக இன்னும் 9 செ.மீ. மிச்சம். 30 பாகையில் தட்டையாக வந்தால்? 45-ஐ சைன் 30-ஆல் பெருக்குங்கள்: 22.5 செ.மீ. பந்தோ 23 செ.மீ.! வளையத்தின் விளிம்பைத் தொடாமல் அது உள்ளே போகவே முடியாது. நல்ல ஆட்டக்காரர் பந்தை ஏன் வானத்தைப் பார்த்து எறிகிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். அவர் வளையத்தைக் குறிபார்ப்பது மட்டுமல்ல, வளையத்தின் வாயை அகலமாக்கிக்கொள்கிறார்.

சரி, உயரத்துக்கு வருவோம். எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் மறிக்க முடியாது. எறிபவர் நிற்கும் கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்புள்ளி கிடைமட்டமாகச் சுமார் 4.2 மீட்டர். கையை விட்டுப் பந்து கிளம்பும் உயரம் ஒருத்திக்கு 2 மீட்டர் என்றும், அவளைவிடக் குள்ளமான இன்னொருத்திக்கு 1.7 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் வளையத்தை எட்டும் பாதையைக் கணக்கிட்டால், முதலாமவள் பந்தைச் சுமார் 52 பாகையில், வினாடிக்கு 7.3 மீட்டர் வேகத்தில் எறிய வேண்டும். இரண்டாமவள் 54 பாகையில், 7.5 மீட்டர் வேகத்தில் எறிய வேண்டும். வித்தியாசம் எவ்வளவு? இரண்டு பாகை, வேகத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு. முப்பது செ.மீ. உயரக் குறைவுக்கு இயற்கை கேட்கும் அபராதம் இவ்வளவுதான்!

வளையத்தின் அடியில் முட்டி மோதிப் பந்தைப் பறிக்கும்போது உயரம் உதவுகிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதும் வளையத்தின் அடியிலேயே நடப்பதில்லை.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி அமெரிக்காவில் இருந்தார். வில்ட் சேம்பர்லின் என்ற அந்த வீரரின் உயரம் 216 செ.மீ. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்று அவருக்குக் கிடைத்த 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 உள்ளே போயின. ஆனால் அவருடைய மொத்த விளையாட்டு வாழ்க்கையையும் பார்த்தால் ஃப்ரீ த்ரோவில் ஏறக்குறைய பாதியைக் கோட்டைவிட்டவர் அவர்! அப்படியானால் அந்த 1962-இல் மட்டும் என்ன நடந்தது? அந்தப் பருவத்தில் அவர் பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கால்களுக்கு இடையிலிருந்து கீழ்க்கை வீச்சாக வீசினார். இரண்டு கைகளும் ஒன்றாக இயங்குவதால் பந்து பக்கவாட்டில் விலகுவது குறைகிறது. மெதுவாக, நல்ல பின்சுழற்சியுடன் இறங்குகிறது. வளையத்தில் பட்டாலும் துள்ளி ஓடாமல் அங்கேயே தடுமாறி உள்ளே விழ வாய்ப்புண்டு. ரிக் பாரி என்ற வீரர் இதே முறையில் வாழ்நாள் முழுவதும் எறிந்து, நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டிய வெற்றி கண்டார்.

சேம்பர்லின் என்ன செய்தார் தெரியுமா? அந்த முறையைக் கைவிட்டுவிட்டார். அப்படி எறிவது பெண்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதே என்ற கூச்சம். அது தவறான முடிவு என்று பின்னாளில் தன் வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார். உலகமே அண்ணாந்து பார்த்த அந்த மாமலை, நாலு பேர் சிரிப்பார்களே என்ற நினைப்புக்கு முன்னால் குனிந்துவிட்டது.

நாலு பேர் சிரிப்பது என்றதும் எனக்கு மறுபடி மூலனூர் நினைவு வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஏழாம் வகுப்பு வரை பையன்களைத் தோற்கடித்து ஓடும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் அவர்களை மைதானத்தில் காண்பது அரிது. "பெரிய புள்ள ஆயிட்ட, இன்னும் என்ன கண்ணு பந்து?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். டவுசர் போட்டு ஓடினால் தெருவில் ஒரு சிரிப்பு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடிந்ததும் சிலர் நூல்மில் வேனில் ஏறுகிறார்கள், சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, சிலர் கல்யாணத்துக்கு. வேலைக்குப் போவதை நான் இழிவாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் ஆட்டத்தை விட்டதற்கு உயரக் குறைவு காரணம் அல்ல. அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி என்னிடம் சொன்னது கண்ணியமான ஒரு சாக்கு என்றே நினைக்கிறேன்.

அனிதாவை நான் ரசிப்பது இந்த இடத்தில்தான். பதினெட்டு ஆண்டுகள்! ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகள்! வீராங்கனைகள் விட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் விடாமல் நின்றிருக்கிறார். அந்த ஆட்டமே அவருக்குத் தெற்கு ரயில்வேயில் வேலையும் தந்தது. தாயான பிறகும் திரும்ப வந்தார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் பி பிரிவில் இந்தியா தங்கம் வென்றபோது அவர் அணியில் இருந்தார்.

தாயான பின் திரும்புவது என்பது உடலியலில் சிறிய செய்தி அல்ல. கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் என்ற சுரப்புநீர் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களை இளக்குகிறது. வயிற்றுத் தசைகள் நீண்டு, நடுவில் விலகுகின்றன. துள்ளிக் குதிக்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் உடலை நிலைநிறுத்துபவை இந்த உறுப்புகளே. அவற்றைப் படிப்படியான பயிற்சியால் மீண்டும் உறுதியாக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எறியும் கணக்கு பழக்கமாகப் பதிவதில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒவ்வொரு எறிதலிலும் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று ஒப்பிட்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. உடலின் வலுவும் நிலைப்பும் மாறும்போது அந்தப் பழைய கணக்கையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். முப்பது வயதைக் கடந்த ஒருவர் இத்தனையையும் செய்து, தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு ஓடியிருக்கிறார். பத்மஸ்ரீ கிடைக்காமல் போயிருந்தாலும் நான் அவருடைய ரசிகனாகவே இருந்திருப்பேன்.

அந்த மாணவிக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 1.7 மீட்டர், 54 பாகை என்பதை மட்டும் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்ட கேள்வி என்னை மடக்கிவிட்டது: "காத்தை விட்டுட்டீங்களே சார்?" கேட்க வேண்டிய கேள்விதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் இங்கே வீசும் காற்றை நம்பித்தான் எங்களைச் சுற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வளைவாக எறிந்த பந்து ஏறக்குறைய ஒரு வினாடி காற்றில் இருக்கிறது. உயர எறிந்தால் வளையத்தின் வாய் அகலமாகும். ஆனால் காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோக நேரமும் அதிகமாகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது? காகிதத்தில் எனக்கு விடை கிடைக்கவில்லை. வருகிற ஆடியில் அவள் காற்றுக்கு எதிராக ஐம்பது, காற்றோடு ஐம்பது என்று எறிய வேண்டும். நான் எண்ண வேண்டும் என்று பேச்சு. உங்கள் ஊர் மைதானத்திலும் காற்று வீசுமானால் நீங்களும் எண்ணி எழுதுங்கள்.