சங்கத்து இன்சூரன்ஸ்: நோய் வந்தால் பணம் வருமா?

புன்னக்காயல் மீனவர் ஒருவர் தொழிலுக்குப் போன இடத்தில் கடலில் தவறி விழுந்து இறந்தால், விபத்து இன்சூரன்ஸில் அவர் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் உண்டு. அதே மீனவருக்குக் கரையில் இருக்கும்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போனால்? அந்த 5 லட்சத்தில் ஒரு காசு கூடக் கிடையாது!

ஏன் இந்த வித்தியாசம்? முதலாவது விபத்து. இரண்டாவது நோய்.

2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. சாவுக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம். பாதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25 ஆயிரம் வரை. பிரீமியத்தை அரசாங்கமே கட்டுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மாரடைப்பும் புற்றுநோயும் இந்தக் கணக்கில் வராது.

அட்டை இருக்கே!

"அதற்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கே!" என்று கேட்கலாம். இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் போகாத குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஏழை வீட்டுக்கு அது பெரிய தெம்பு.

ஆனால் அந்தப் பணம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறது. வீட்டுக்கு வருவதில்லை.

கடல் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. போனால்தான் பங்கு. டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். புன்னக்காயலிலிருந்து ஆத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகவர ஒரு நாள் போய்விடும். துணைக்குப் போகிற சம்சாரத்தின் வேலையும் போச்சு. சிகிச்சை இலவசம். அடுப்பு எரிய யார் பணம் தருவார்கள்? வலை வாங்கிய கடனுக்கு யார் தவணை கட்டுவார்கள்?

டாக்டர் கண்ட வழி

இந்தக் கேள்வி புதிது அல்ல. தென்னாப்பிரிக்காவில் மரியஸ் பர்னார்ட் என்ற இதய அறுவை டாக்டர் இருந்தார். 1967-ல் உலகிலேயே முதன்முதலாக மாற்று இதயம் பொருத்திய கிறிஸ்டியன் பர்னார்டின் தம்பி இவர். "நோயாளியின் உயிரை நாம் காப்பாற்றிவிடுகிறோம். ஆனால் பிழைத்த பிறகு அவர் கடனில் மூழ்கிவிடுகிறாரே" என்பது அவருடைய கவலை. அவர் யோசனையில்தான் 1983-ல் அங்கே ஒரு புதுமாதிரி இன்சூரன்ஸ் வந்தது. பெரிய நோய் என்று உறுதியானால் பேசிய தொகையை மொத்தமாக நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவது. மருந்துக்கும் செலவழிக்கலாம். மளிகைக் கடை பாக்கியையும் அடைக்கலாம். கணக்குக் கேட்க மாட்டார்கள்.

இதுதான் தீவிர நோய்க் காப்பீடு. இன்று டாக்டர்கள், ஆடிட்டர்கள், வக்கீல்கள், வியாபாரிகள் போன்றவர்களின் சங்கங்கள் உறுப்பினர்களுக்காக இதை மொத்தமாக வாங்க முடியும். ஆள் பலம் இருப்பதால் பிரீமியம் குறையும். தனித்தனியாக டாக்டர் பரிசோதனையும் பெரும்பாலும் இருக்காது.

வக்கீல்களுக்கு 1987-ம் வருஷச் சட்டப்படி சேமநல நிதி இருக்கிறது. வக்கீல் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தருவதுதான் அதன் முக்கிய வேலை. உயிரோடு படுத்துவிட்டவரின் பாடு வேறு. அந்த ஓட்டையை அடைப்பதுதான் நோய்க் காப்பீடு.

நோயின் பேர் போதாது!

இங்கேதான் கவனம் வேண்டும். நோட்டீசில் "மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பாலிசியைப் பிரித்தால் கதை வேறு.

புற்றுநோய் "குறிப்பிட்ட கடுமை" உள்ளதாக இருக்க வேண்டும். பரவாமல் ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் பணம் இல்லாமல் போகலாம். பக்கவாதம் என்றால் பாதிப்பு 3 மாதத்துக்கு மேலும் நீடித்து, நிரந்தரம் என்று ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறு என்று ரிப்போர்ட் வந்தால் மட்டும் போதாது. தொடர்ந்து டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவை வரை போயிருக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தால் உண்டு. அந்த இனத்தில் ஸ்டென்ட் வைத்ததற்கு இல்லை.

இவை ஒரு கம்பெனி மட்டும் வைத்த விதிகள் அல்ல. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த விளக்கங்கள்.

இன்னும் இரண்டு கண்டிஷன். பல பாலிசிகளில் முதல் 90 நாளில் வருகிற நோய்க்குப் பணம் கிடையாது. நோய் உறுதியான பிறகு 30 நாள் உயிரோடு இருந்தால்தான் தொகை என்பதும் பல பாலிசிகளில் உண்டு. இடையில் இறந்தால் இந்தக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஒன்றும் வராது.

பாலிசி யார் கையில்?

குழு பாலிசி சங்கத்தின் பேரில் இருக்கும். உறுப்பினர் கையில் இருப்பது ஒரு சான்றுத்தாள்தான். சங்கம் புதுப்பிக்க மறந்தால் காப்பீடு நின்றுபோகும். கிளைம் அதிகமானால் அடுத்த வருஷம் கம்பெனி விலையை ஏற்றும். ஐம்பது வயதுக்கு மேல் சங்கத்திலிருந்து விலகியவர் தனியாக வாங்கப் போனால் பிரீமியம் எகிறும்.

வரியும் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் எடுக்கும் உடல்நலக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சங்கம் எடுக்கும் குழு பாலிசிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. "சங்கத்தில் மலிவு" என்று சொன்னால் வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மீனவருக்கு வருமா?

மீனவர் கூட்டுறவுச் சங்கம் இன்சூரன்ஸுக்காகக் கூடிய கூட்டம் அல்ல. தொழிலுக்காக ஏற்பட்டது. குழு பாலிசி கேட்க அந்தத் தகுதி வேண்டும். அது இருக்கிறது. இல்லாதது, நிலையில்லாத வருமானத்திலிருந்து வருஷா வருஷம் பிரீமியம் கட்டும் வழி. விபத்துக்குக் கட்டுகிற அரசு நோய்க்கும் ஒரு பங்கு போட்டால், மீதியைப் பாடு நன்றாக இருக்கிற நாளில் உறுப்பினரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

ஊருக்கு இது அந்நியமான காரியம் அல்ல. 16-ம் நூற்றாண்டில், "தம்பிரான் வணக்கம்" அச்சிட்ட ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் காலத்திலேயே புன்னக்காயலில் ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது. ஊர் மக்கள் கொடுத்த பணமும் அதற்கு உதவியது.

எந்தச் சங்கத்தில் இருந்தாலும் அடுத்த பொதுக்குழுவில் நாலு கேள்வி கேளுங்கள். என்னென்ன நோய், எந்த அளவு கடுமை? காத்திருப்பு எத்தனை நாள்? சங்கத்தை விட்டுப் போனால் அதே கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றித் தருவார்களா? கிளைம் பாரத்தை அனுப்புகிற பொறுப்பு யாருக்கு?

கம்பெனி கையை விரித்தால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். குழு பாலிசியில் சேர்ந்த உறுப்பினரும் அவரிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஆனால் கையில் காகிதம் வேண்டும். சந்தா ரசீது வாங்கும்போதே பாலிசி நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.